இரண்டு மத்ஹபுக்கும் ஒரே கால்

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஏலப்பாறைப் பள்ளிவாசலின் பின்பக்கம் வரிசையாகக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே உட்கார ஒரு சிமென்ட் மேடை. மூன்றாவது மேடையில் என்னைப் பெற்ற அத்தா உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, பாதத்தில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

காலையில்தான் கட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வி அக்கா வீடு தேடி வந்து, அரை மணி நேரம் குனிந்திருந்து மருந்து வைத்துக் கட்டிய கட்டு. "நாளக்கழிச்சு வரைக்கும் தண்ணி படக்கூடாது மாமா" என்று வாசலில் ஒரு தடவையும் கேட் அருகே ஒரு தடவையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அத்தா அவசரப்படவில்லை. துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அந்தப் புண் வெளிச்சத்துக்கு வந்தது.

"அத்தா, வேண்டாம்."

"நீ உள்ள போ. ஜமாத்து நிக்கப் போகுது."

"செல்வி அக்கா என்ன சொன்னாங்க?"

"அந்தப் புள்ளையா என் கபுருல வந்து பதில் சொல்லப் போகுது?"

குழாயைத் திறந்தார். எங்கள் ஊர்த் தண்ணீர் சித்திரையிலும் பல்லைக் கிட்ட வைக்கும். மூன்று தடவை காலில் ஊற்றி, இடது கைச் சுண்டுவிரலை ஒவ்வொரு கால்விரல் இடுக்கிலும் விட்டுத் தேய்த்தார். புண் இருந்த இடுக்கிலும் விட்டார். முகம் சுளிக்கவில்லை. சர்க்கரை வியாதியில் அந்தக் காலில் உணர்ச்சி செத்து வெகுநாள்.

நான் கத்தினேன். குழாயடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், என்னிடம் படிக்கிற பிள்ளையின் தகப்பனும் இருந்தார், தெரிந்தேதான் கத்தினேன்.

"படிக்கத் தெரியாட்டி, படிச்சவன் சொல்லுறதையாவது கேளுங்க அத்தா."

அத்தா தலை நிமிரவில்லை. இடது காலையும் மூன்று தடவை கழுவி முடித்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"கோவம் வந்தா ஒளு எடுக்கணும்னு சொல்லுவாக. எடுத்துட்டு உள்ள வா."

அவர் போய்விட்டார். நான் அவருடைய மேடையிலேயே உட்கார்ந்து ஒளு எடுத்தேன். வேறு என்ன செய்ய?

அட்டைக் கடி

நண்பர்கள் சிலருக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, கணுக்கால் வரை காலைக் கழுவுவதுதான் ஒளு. ஐந்து வேளைத் தொழுகை. ஒளு முறியாமல் இருந்தால் ஒன்றையே இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம். முறிந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

எதனால் முறியும் என்பதில்தான் எங்கள் குடும்பத்தின் கஷ்டமே இருந்தது.

நாங்கள் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த ராவுத்தர்கள். ஹனபி மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டத்தில் ஹனபி என்ற வழிமுறை. பள்ளிவாசலில் எங்களோடு தொழும் மலையாளிகள் ஷாபி மத்ஹபு. ஒரே இமாம், ஒரே வரிசை, ஒரே குழாயடி. சண்டை சச்சரவு இல்லை. ஆனால் உடம்பிலிருந்து ரத்தம் வழிந்தால் எங்களுக்கு ஒளு முறியும், அவர்களுக்கு முறியாது.

மற்ற ஊரில் இது பெரிய விஷயமில்லை. மழைக்காலத்து ஏலப்பாறையில் அட்டை இருக்கிறது.

தேயிலைக்குள் பத்தடி நடந்தால் காலில் நாலு அட்டை. உப்பை வைத்துப் பிடுங்கிப் போட்டாலும் கடிவாயில் ரத்தம் நிற்காது. மலையாளிகள் துடைத்துவிட்டுத் தொழப் போய்விடுவார்கள். அத்தா வீட்டிலிருந்து ஒளு எடுத்துவிட்டுக் கிளம்புவார், பள்ளிவாசல் படியில் காலைப் பார்ப்பார், சிவப்பாக ஒரு கோடு இருக்கும். குழாயடிக்குப் போய் மறுபடி எடுப்பார். எடுத்து நிமிர்வதற்குள் அது திரும்பக் கசியும்.

"இந்த மலைக்கு நம்ம மத்ஹபு ஒத்து வராதுங்க" என்று அம்மா ஒரு தடவை சொன்னார். அத்தா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்தப் புண்ணும் அட்டை கடித்ததில் வந்ததுதான். கடித்த இடத்தை அத்தா சொறிந்தார். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. அத்தனை சின்னப் பூச்சி.

லயத்துக் குளிப்பறை

தண்ணீரும் சுத்தமும் எங்கள் வீட்டில் எப்போதும் தலையைப் பிடித்த சங்கதிதான். போன வாரம் மலை ஊற்றிலிருந்து வரும் ஓஸ் குழாய்க்காக நடந்த சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "தண்ணிக்கு இவ்வளவு கஷ்டமா, அங்கே மழைதானே பெய்கிறது?" என்று கேட்டார். மழை பெய்கிறது. அது எங்கள் வாளிக்குள் பெய்வதில்லை.

நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் ஒரே குளிப்பறை, தகரக் கதவு. அந்தக் கதவைத் திறந்தால் கீழ் லயத்து நாயும் எழுந்துவிடும்.

கணவன் மனைவி கூடினால், அடுத்த தொழுகைக்குள் தலை முதல் கால் வரை குளித்தாக வேண்டும். குளிப்பு கடமை என்போம், தூக்கத்தில் கனவில் ஆனாலும் அப்படித்தான். ஆகவே விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால், பனி இறங்கும் நேரத்தில், தகரக் கதவு சத்தம் போட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில், காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் அவர் மனைவியின் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, தடுமம் பிடிச்சிரப் போகுது, இன்னைக்காவது ரெஸ்ட்டு எடு" என்பார்கள். அந்தப் பெண் நான்காம் நாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது தலையில் துண்டு கட்டிக்கொண்டது.

எனக்கு மீசை அரும்பின வயதில், ஒரு விடியலில், அந்தக் கதவை நானும் சத்தமில்லாமல் திறக்கப் பார்த்தேன். முடியவில்லை. வெளியே வந்தபோது அத்தா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "காதுக்குள்ள தண்ணி போச்சா? தொப்புள்ள? ஒரு மயிர்க்கால் நனையாட்டியும் குளிப்பு நெறவேறாது" என்றார். நான் உள்ளே போய் இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டேன்.

இதுதான் அத்தா. மனுஷன் பள்ளிக்கூடப் படியேறியதில்லை. கையெழுத்து வராது, கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ஆனால் எங்கே எத்தனை தடவை தண்ணீர் பட வேண்டும் என்பதை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். காதால் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. காதால் சேர்த்ததில் ஒரு தொல்லை உண்டு. கேட்டது எல்லாமே உள்ளே கிடக்கும், எது யாருக்குச் சொன்னது என்பது மட்டும் கிடக்காது.

கட்டு கட்டும் முன் ஒளு

புண்ணில் கட்டு விழுந்த முதல் வாரமே நான் கம்பத்திலுள்ள ஒரு ஹஜ்ரத்துக்கு போனில் கேள்வி அனுப்பினேன். எங்கள் மத்ஹபை முறையாக ஓதிய மனிதர். குரல் பதிவாகவே பதில் வந்தது. தண்ணீர் புண்ணைக் கெடுக்கும் என்று வைத்தியர் சொன்னால் கழுவ வேண்டாம். கட்டின் மேல் ஈரக்கையால் ஒரு தடவை தடவினால் போதும். நீர் வடிந்துகொண்டே இருந்தால் ஒரு வேளைக்கு ஒரு ஒளு போதும், நடுவே முறிந்ததாகக் கணக்கில்லை.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அத்தாவைக் கட்டிலில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு தடவை கேட்டார்.

"நல்லாச் சொல்லுறாரு" என்றார். "இவரு என் காலப் பாத்தாரா?"

மறுநாள் பள்ளிவாசலில் தொழவைக்கும் உஸ்தாத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். உஸ்தாத் மலப்புறத்துக்காரர், இளவயது, நல்ல மனுஷர், எங்களிடம் பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவர் உள்ளதைச் சொன்னார். தங்கள் ஷாபி மத்ஹபில், கட்டு கட்டும்போதே ஒளுவோடு இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டு அவிழ்த்த பிறகு அந்தத் தொழுகைகளைத் திரும்பத் தொழ வேண்டும் என்று. கூடவே, "இக்கா, நீங்க ஹனபி அல்லே, உங்களுக்கு இது பாதகமில்ல" என்றும் சொன்னாராம். உஸ்தாத்தே பிறகு என்னிடம் அதைச் சத்தியம் செய்து சொன்னார்.

அத்தா முதல் பாதியை வாங்கிக்கொண்டார். இரண்டாவது பாதியை உஸ்தாத்திடமே விட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து செல்வி அக்கா வந்தால், கட்டை அவிழ்த்ததும் அத்தா "செத்த இரு தாயி" என்று எழுந்து நொண்டிக்கொண்டே கொல்லைக்குப் போய், புண்ணையும் சேர்த்துக் கழுவி ஒளு எடுத்துவிட்டு வருவார். அதன் பிறகுதான் கட்ட வேண்டும்.

"மாமா, நான் இங்க சோப்புப் போட்டுக் கை கழுவி, கிளவுஸ் மாட்டி, கொதிக்க வச்ச தண்ணியில தொடச்சு வைக்கிறேன். நீங்க போயி ஓஸ் தண்ணிய ஊத்திட்டு வாறீங்க. அந்தத் தொட்டியில தவளை கெடக்கு மாமா."

"தவளை கெடந்தா தண்ணி நஜீஸ் இல்ல தாயி, அசுத்தம் ஆகாது."

"அது ஆகாது. கால் ஆகும்."

செல்வி அக்கா எங்கள் பழைய லயத்தில் நாலாவது வீடு. அத்தாவை மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தவர். வேறு நர்ஸாக இருந்தால் பெட்டியை மூடிக்கொண்டு போயிருப்பார்.

கட்டி முடித்த பிறகாவது விட்டாரா? புண்ணிலிருந்து நீர் கசிந்து துணியில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தால் ஒளு முறிந்தது. அது எங்கள் ஹனபி. முறிந்தால் மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கக் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் ஒளுவோடு கட்ட வேண்டும். அது அவர்கள் ஷாபி. இப்படி இரண்டு பக்கத்திலும் எது கஷ்டமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்து அத்தா தன் காலில் கட்டிக்கொண்டார். இரண்டு பக்கத்திலும் இருந்த சலுகைகள் எங்கள் யாருக்கும் பயன்படாமல் கிடந்தன.

நான் தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஹனபி, அந்தப் பக்கம் ஷாபி என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லிக் காட்டினேன். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார் நான், விளக்கிச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

"ஏப்பா, ஒனக்குப் பரீச்சை. எனக்கு மறுமை" என்றார்.

ஒரு தட்டு மண்

தண்ணீர் கிடைக்காவிட்டாலோ தண்ணீரால் கேடு வரும் என்றாலோ, சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளலாம். தயம்மும் என்று பெயர். ஒளுவுக்குப் பதில் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கல் பொறுக்கி, வேர் நீக்கி, மண்ணைச் சலித்து, எவர்சில்வர் தட்டில் பரப்பி அத்தா முன்னால் கொண்டு வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அடப்பாவி, அது விருந்தாளித் தட்டு" என்றார்.

அத்தா மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"எங்க எடுத்த?"

"மேட்டுல."

"அது பழைய பன்னெண்டாம் நம்பர் காடு. தேயிலை பிடுங்கிப் போட்ட எடம்." தட்டை விரலால் தள்ளினார். "அதுக்கு மருந்தடிச்சது நான். இது சுத்தமான மண்ணா?"

அத்தா எஸ்டேட்டில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். முதுகில் டின், கையில் குழல், மூக்கில் ஒரு துண்டு. அவர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் அந்த நாற்றம் வரும். அம்மா அவர் துணியைத் தனி வாளியில் ஊறவைப்பார். மருந்து நஜீஸ் இல்லை, அதனால் தயம்மும் கெடாது என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார்.

"மத்தியானம் லுகர் நேரம் வரும். காட்டுக்குள்ள நிப்போம். கங்காணி, 'ஓய் ராவுத்தரே, டின்னு காலியாகட்டும், பொறவு தொழு'ன்னுவான். காலியாகும்போது அசரு வந்திரும். டிரெஞ்சுல தேங்கின தண்ணி. அதுல மருந்து மெதக்கும், எண்ணெ மாதிரி. அதுல கையக் கழுவித் தொழுதேன். பாதி நாளு தொழவேயில்ல. எத்தன வருசம்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் அத்தா."

"இப்பத் தண்ணி இருக்கு. நேரம் இருக்கு. கங்காணி செத்துப் போயிட்டான். இப்பப் போயி, தடவிக்கிட்டுத் தொழு, மண்ணத் தட்டிக்கிட்டுத் தொழுங்கிற. நல்லாருக்குடா ஓன் ஞாயம்."

விட்டுப்போன தொழுகைகளை அவர் களாவாகத் தொழுதுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வேளையோடும் பழைய பாக்கி ஒரு வேளை. அந்தப் பழைய வேளைக்கும் கால் சுத்தமாக வேண்டும்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். அல்லது வேறு மாதிரி பேசக் கற்றிருக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் குழாயடியில் நான் கத்தியது.

காய்ந்த கட்டு

கத்தியதற்கு உடனே பலன் கிடைத்தது. அத்தா பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டிலேயே தொழுதார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்ப்பேன், கட்டு வெள்ளையாக, காய்ந்து இருக்கும். ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது.

"தொழுதாச்சா அத்தா?"

"ஆச்சு."

"தடவித்தானே?"

"ம்."

செல்வி அக்கா அந்தச் சமயம் தடுப்பூசி வேலையாக மேல் எஸ்டேட்டுகளுக்குப் போய்விட்டார். நானே கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். காய்ந்த கட்டை ஏன் அவிழ்ப்பது என்று இருந்தேன். ஜெயித்துவிட்ட நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து அக்கா வந்து கட்டைப் பிரித்தபோது, மேல் சுற்று காய்ந்திருந்தது. உள்ளே போகப் போக ஈரம். கடைசிச் சுற்றில் நாற்றம் வந்தது. அழுகிய தேயிலைக் குப்பையின் நாற்றம். சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது.

அக்கா அத்தாவைத் திட்டவில்லை. கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு கட்டுனது இது?" என்றார்.

"நான்தான் தாயி. ஒன்னப் பாத்துப் பழகினது."

"என்ன மாதிரியே கட்டியிருக்கீங்க மாமா" என்று சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடம் போனதும், கொல்லைக் குழாயில் உட்கார்ந்து அவிழ்ப்பது, கழுவுவது, ஒளுவோடு கட்டுவது, மேலே ஒரு சுற்றுக் காய்ந்த துணி. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஊரில் எல்லோர் முன்னாலும் செய்துகொண்டிருந்ததை நான் ஒளித்துச் செய்ய வைத்திருக்கிறேன். குழாயடியில் செய்திருந்தாலாவது யாராவது பார்த்திருப்பார்கள், உஸ்தாத் தடுத்திருப்பார், விரலும் நேரத்தோடு கண்ணில் பட்டிருக்கும்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லல."

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "நீ கத்துன அன்னையிலருந்து அந்த மனுசன் பள்ளிக்குப் போகல. கால் போச்சுன்னா கம்பு ஊணி நடப்பாரு. பள்ளி போச்சு, இப்ப இதையும் பிடுங்குனா என்ன ஊணி நடப்பாரு? நீ படிச்சவந்தானே, சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தா மேல், அம்மா மேல், கம்பத்து ஹஜ்ரத் மேல், உண்மையைச் சொன்ன உஸ்தாத் மேல், அட்டை மேல். தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போதும் கோபமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அத்தா வழியில், "சன்னலச் சாத்து, குளிருது" என்றார்.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கோட்டயத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கோட்டயம்

விரலை எடுத்தால் கால் தப்பும் என்றார் அங்கிருந்த டாக்டர். தள்ளிப்போட்டால் கணுக்காலோ முழங்காலோ, சொல்ல முடியாது. அத்தா கைநாட்டு வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெட்டுன வெரல என்ன செய்வீக?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் மலையாளத்தில் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடுவார்கள் என்றார்.

"எரிக்கக் கூடாது. மனுசன் ஒடம்பு. மண்ணுக்குள்ள போகணும்." பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக் குடு" என்றார்.

எத்தனையோ பேருக்கு ரேஷன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் மனு எழுதியிருக்கிறேன். மலையாளத்தில் என் அத்தாவின் சுண்டுவிரலைக் கேட்டு அன்றைக்கு ஒரு மனு எழுதினேன். 'மத ஆசாரப்படி அடக்கம் செய்ய' என்று எழுதி, கீழே என் கையெழுத்து.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் மத்தியானம், மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை உறைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். அதை என் பைக்குள் வைத்து, அம்மாவை அத்தாவிடம் விட்டுவிட்டு நான் ஏலப்பாறை பஸ் ஏறினேன். முண்டக்கயம் தாண்டி மலையேறும்போது கூட்டம் அதிகமானது. கண்டக்டர், "பேகு மேலே வைக்கு மாஷே" என்றார். இல்லை, மடியிலேயே இருக்கட்டும் என்றேன். "எந்தா, ஸ்வர்ணமாணோ?" என்று, தங்கமா எனக் கிண்டலாகக் கேட்டுவிட்டுப் போனார்.

உஸ்தாத் பள்ளிவாசலுக்குப் பின்னால், மையத்துகளை அடக்கும் கபரடியில் காத்திருந்தார். மழை விடாமல் பெய்தது. வேலி ஓரமாக முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்ட ஏற்பாடு செய்திருந்தார். ஒரு துண்டு வெள்ளைத் துணியும் கொண்டு வந்திருந்தார்.

"ஜீவனோட உள்ள ஆளுடைய உறுப்புக்குக் குளிப்பாட்டல் இல்ல, நிஸ்காரம், தொழுகை, இல்ல" என்றார். "துணியில் பொதிஞ்ஞு வச்சா மதி, போதும்."

துணியில் வைக்கும்போது போன் அடித்தது. அம்மாவின் நம்பர், அத்தாவின் குரல்.

"கழுவுனியா?"

"கழுவ வேண்டியதில்லைன்னு உஸ்தாத் சொல்லுறாரு அத்தா."

"அது அவுக மத்ஹபு."

"நம்ம மத்ஹபுலயும் இல்ல அத்தா." என் குரல் ஏறுவது எனக்கே கேட்டது. "எந்த மத்ஹபுலயும் இல்ல."

"கழுவாம வைக்காத" என்றார். வலிக்குக் கொடுத்த மருந்தில் நாக்கு குழறியது. "போன வைக்க மாட்டேன். கழுவு."

கபரடிச் சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே குந்தினேன். உஸ்தாத் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். உள்ளங்கையில் வைத்தபோது கனமே இல்லை. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெட்டியிருப்பார். தண்ணீரைத் திறந்து மூன்று தடவை கழுவினேன். பிறகு என் கைக்குட்டையால் துடைத்துத் துணியில் வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

போனை எடுத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சது அத்தா."

"எத்தன தடவை?"

"மூணு."

"பிஸ்மி சொல்லித்தானே?"

"சொல்லித்தான்."

"சரி. வையி." போனைத் துண்டித்துவிட்டார்.

நான் பிஸ்மி சொல்லியிருக்கவில்லை.

அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்கும் ஒரு வரி, சொல்லாவிட்டால் குற்றமில்லை. அது ஒளுவுக்கே சுன்னத்துதான், நபிவழி, கட்டாயமில்லை. வெட்டிய விரலுக்கு அந்தப் பேச்சே கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் இதை நான் விளக்கிச் சொல்வேன். குழிக்குள் மழைத் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. அந்தித் தொழுகையான மஃரிபுக்கு நேரமாகிவிட்டது, பாங்கு சொல்ல உஸ்தாத் போக வேண்டும். குடையை என் பக்கமே பிடித்திருந்ததால் அவர் ஜிப்பா முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

குழி வரைக்கும் போனேன். குனிந்தேன். திரும்பக் குழாயடிக்கு வந்து முடிச்சை அவிழ்த்தேன்.

"இனி எந்தா மாஷே?" என்றார் உஸ்தாத்.

"ஒரு நிமிஷம் உஸ்தாத்" என்று சொல்லிவிட்டு, பிஸ்மி சொல்லி, குழாயைத் திறந்தேன்.